கற்பனை நாட்டுக்கு ஒரு குற்றக் கும்பல்: மலைப்பாதையிலிருந்து தொடங்குங்கள்

பலர் சேர்ந்து எழுதும் கற்பனை நாட்டுக்கு ஒரு குற்றக் கும்பலை உருவாக்க உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது தலைவனின் பெயரை. பிறகு அவன் முகத்துத் தழும்பு, அவன் வண்டி, அவன் ஆட்கள் கையில் குத்தியிருக்கும் பச்சை. இரண்டு பக்கம் தாண்டியும் அந்தக் கும்பல் எதில் சம்பாதிக்கிறது, யார் அதற்குப் பணம் கொடுக்கிறார்கள், போலீஸ் ஏன் இன்னும் அதை விட்டுவைத்திருக்கிறது என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த உலகத்தில் எழுதும் இன்னொருவர் அந்தக் கும்பலை எடுத்தால் அடிதடியைத் தவிர வேறு வேலை கொடுக்க முடியாது. இரண்டு கதைக்குப் பிறகு அதை யாரும் தொட மாட்டார்கள்.

கும்பல் என்றால் என்ன என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்வோம். நாடுகடந்த குற்றங்களுக்கு எதிராக ஐ.நா. 2000-ஆம் ஆண்டில் ஏற்ற ஒப்பந்தம் ஒரு வரையறை தருகிறது. மூன்று பேராவது இருக்க வேண்டும். கொஞ்ச காலமாவது சேர்ந்து இயங்க வேண்டும். கடுமையான குற்றங்களைச் செய்ய வேண்டும். நோக்கம் பணமோ பொருள் லாபமோ ஆக இருக்க வேண்டும். இதில் நம் வேலைக்கு முக்கியமானவை காலமும் பணமும். ஒரே இரவில் வங்கியை உடைத்துவிட்டுப் பிரிகிற ஐந்து பேர் திருடர்கள். அடுத்த வாரமும், அடுத்த மழைக்காலமும் அதே இடத்திலிருந்து அதே வருமானம் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறவர்கள்தான் கும்பல். ஆகவே நீங்கள் முதலில் கற்பனை செய்ய வேண்டியது அந்த வருமானத்தை.

அரசு விட்ட இடைவெளி

நிலையான சட்டவிரோத வருமானம் அரசு கைவிட்ட இடத்தில்தான் முளைக்கும். மக்களுக்கு வேண்டிய பொருளைச் சட்டம் தடுத்திருக்கலாம். வரி அதிகமாக இருக்கலாம். இரண்டு பேருக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலை எந்தக் கோர்ட்டும் விசாரிக்காமல் இருக்கலாம். ஒருவனின் சொத்தை அவனாலும் காக்க முடியாமல், போலீஸும் காக்காமல் இருக்கலாம். இந்தக் கடைசி வகையைப் புதியவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. உண்மையில் மிக ஆழமான கதைகள் கிடைப்பது அங்கேதான்.

சிசிலியைப் பாருங்கள். 1795 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு மத்திய தரைக்கடல் எலுமிச்சைக்குக் கிராக்கி ஏறியது. சிசிலியில் நிலப்பிரபுத்துவம் 1812-ல் சட்டப்படி ஒழிந்திருந்தது. 1861-ல் வந்த புதிய இத்தாலிய அரசுக்கோ கிராமத்துக்குள் பிடி இல்லை. எலுமிச்சைத் தோட்டம் போட முதல் அதிகம், காய்க்கப் பல வருடம் ஆகும், ஆனால் ஒரே ராத்திரியில் மொத்த மகசூலையும் பறித்துக்கொண்டு போய்விடலாம். தோட்டக்காரருக்குக் காவல் வேண்டும், அரசு தரவில்லை, வேறு ஒருவன் தந்தான். அந்தக் காவலை வேண்டாம் என்றவரின் தோட்டத்தில்தான் திருட்டும் நடந்தது. 1876-ல் அங்கே போய் ஆராய்ந்த லியோபோல்தோ ஃபிராங்கெட்டி, வன்முறையே அங்கு ஒரு தொழிலாக நடக்கிறது என்று எழுதினார். மாஃபியா வளர்ந்த மண் அது.

இதை நம் மலைக்குக் கொண்டுவருவது சுலபம். நீலகிரியின் சிறு தேயிலை விவசாயியிடம் இருப்பது பசுந்தேயிலை. பறித்த கொழுந்தைச் சாக்கில் திணித்து வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துபோகும், தரம் கெடும். அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போயாக வேண்டும். சொந்த ஃபாக்டரி அவருக்குக் கிடையாது. வண்டியும் பெரும்பாலும் ஏஜென்டுடையது. ஆக, அந்த வண்டியைப் பாதி வழியில் மூன்று மணி நேரம் நிறுத்தி வைக்க முடிந்தவன் கையில் முந்நூறு குடும்பத்தின் வாரக் கூலி இருக்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை. ரோட்டில் ஒரு மரம் விழுந்து கிடந்தால் போதும்.

உண்மை நீலகிரியில் இதைத் தடுக்கும் ஏற்பாடுகள் உண்டு. கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஏல விலையை வைத்துப் பசுந்தேயிலைக்கு மாதாமாதம் குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. உங்கள் கற்பனை நாட்டில் இவற்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எந்த ஏற்பாடு இல்லாததால் இந்தக் கும்பல் பிறந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

வழி எது, கழுத்து எது

அடுத்து வரைபடம். சமவெளியில் ஒரு சாலையை மறித்தால் பத்துச் சாலை இருக்கும். மலையில் அப்படி இல்லை. கொடைக்கானலுக்கு வத்தலகுண்டிலிருந்து ஏறும் பாதையும் பழனியிலிருந்து ஏறும் பாதையும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடுகின்றன. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் இறங்கலாம். கூடலூருக்குப் போனால் ஒரு பக்கம் நாடுகாணி தாண்டி கேரளா, இன்னொரு பக்கம் தொரப்பள்ளி, தெப்பக்காடு, கக்கநல்லா தாண்டி கர்நாடகா. பந்திப்பூர் காட்டு வழியாகப் போகும் அந்தச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை பெரும்பாலான வாகனங்களுக்குத் தடை. காட்டு விலங்குகளுக்காக வந்த நல்ல தடை அது. ஆனால் கற்பனை செய்கிறவருக்கு அதிலேயே ஒரு கால அட்டவணை கிடைக்கிறது: ஒன்பது மணிக்கு மேல் வந்த லாரி காலை வரை செக்போஸ்ட் ஓரத்தில் நிற்க வேண்டும். நிற்கும் இடத்தில் டீக்கடை இருக்கும், லாரிக்குக் காவல் இருக்கும், காவலுக்கு ஒரு தொகை இருக்கும்.

உங்கள் மலை நாட்டுக்கு வரைபடம் போடும்போது மேலே ஏறும் வழிகளை மூன்று அல்லது நான்கோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கொண்டை ஊசி வளைவு, எந்த வளைவில் பெரிய லாரி பின்வாங்கித் திரும்ப வேண்டும், மழையில் எது முதலில் சரியும் என்று குறித்துவையுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். கீழே இறங்கும் வண்டி எவ்வளவு மெதுவாக வரும் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும். மெதுவாகப் போகும் வண்டியை மறிக்கலாம், எண்ணலாம், அதில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே செய்தி அனுப்பலாம். அனுமதிச் சீட்டையும் கவனியுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. உங்கள் நாட்டில் அது காகிதச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போலியாக அடித்துக் கொடுப்பவன் ஒருவன் உடனே பிறந்துவிடுகிறான்.

கணக்குப் போடுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 'ஐயாயிரம் உறுப்பினர்கள்' என்று எழுதுவார்கள். ஐயாயிரம் பேருக்கு வாரச் சம்பளம் எங்கிருந்து வரும்?

ஓர் உதாரணக் கும்பலை வைத்துப் பார்ப்போம். நாட்டின் பெயர் குவடு நாடு, நாணயம் காசு, கும்பலின் பெயர் ஏழாம் வளைவு. முந்நூறு சிறு விவசாயிகள், ஆளுக்கு வாரம் 80 கிலோ கொழுந்து. மொத்தம் 24,000 கிலோ. நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று வைத்தால் ஐயாயிரத்து முந்நூறு கிலோ சொச்சம். கொழுந்து விலை கிலோவுக்கு 20 காசு. அதில் கும்பல் எடுப்பது 2 காசு. வார வரவு 48,000.

செலவு: பன்னிரண்டு ஆட்கள், ஆளுக்கு 2,000 வீதம் 24,000. செக்போஸ்ட்டுக்கும் எடைக்காரருக்கும் மாமூல் 9,000. வண்டி, டீசல் 6,000. தலைமைக்கு மிஞ்சுவது 9,000. ஆக, முந்நூறு குடும்பத்தை மிரட்டும் கும்பலில் இருப்பது பன்னிரண்டு பேர்தான். இந்தக் கணக்கைப் பார்த்ததும் கதையின் தொனியே மாறிவிடும். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் பிடிபட்டால் அது பெரிய அடி. ஒருவன் கோபித்துக்கொண்டு போனால் தலைவனுக்குத் தூக்கம் வராது.

இரண்டு காசு ஏன், ஐந்து ஏன் இல்லை? ஐந்து எடுத்தால் பறிக்கும் கூலிக்கே கட்டாமல் விவசாயி கொழுந்தைச் செடியிலேயே விட்டுவிடுவார். அப்போது கும்பலுக்கும் ஒன்றும் இல்லை. நல்ல கும்பல் எழுதுகிறவர் இந்த மேல் வரம்பைக் கண்டுபிடித்து வைத்திருப்பார். புதிதாகத் தலைமைக்கு வந்த அவசரக்காரன் அதைத் தாண்டும்போது கதை தானாக வரும்.

பிறகு பருவம். மலையில் மாதத்துக்கு மாதம் வருமானம் ஒன்றாக இருக்காது. மழைக்குப் பின் கொழுந்து குவியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுந்தால் செடி கருகி வரத்து பாதியாகலாம். பாதி என்றால் வரவு 24,000. செலவோ ஏறக்குறைய அதே 39,000. வாரத்துக்கு 15,000 துண்டு விழுகிறது. எட்டு வாரம் நீடித்தால் 1,20,000. இந்தப் பணத்தை ஏழாம் வளைவு எங்கே கடன் வாங்கும்? அடுத்த மலைக் கும்பலிடமா, ஃபாக்டரி முதலாளியிடமா, கீழே சமவெளி மண்டிக்காரரிடமா? வாங்கிய கடனுக்கு எதை அடகு வைக்கும்? எங்கள் பார்வையில் ஒரு கும்பலின் கதை முழுவதும் இந்த எட்டு வாரத்துக்குள் அடங்கும்.

கடன் எதிர்ப்பக்கமும் ஓடும். மகள் கல்யாணத்துக்கு ஒருவர் 10,000 காசு வாங்குகிறார், வாரம் நூற்றுக்கு ஐந்து வட்டி. வாரக் கொழுந்து வரவு 1,600. கும்பல் பங்கு 160, வட்டி 500. மிச்சம் 940-ல் பறி கூலி, உரம், அரிசி. அசல் எந்தக் காலத்திலும் அடையாது. கடனால் ஆளைக் கட்டி வைப்பது இந்தத் தொழிலுக்குப் புதிதும் அல்ல. இலங்கைத் தோட்டங்களில் 1921 வரை 'துண்டு' முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடனை அதில் எழுதியிருப்பார்கள், அந்தக் கடனைத் தீர்க்க ஒரு துரை முன்வந்தால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியும். சட்டம் அனுமதித்த காலத்திலேயே இப்படி என்றால், சட்டத்துக்கு வெளியே எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-ல் தனிச் சட்டமே வந்தது.

யார் என்ன வேலை செய்கிறார்கள்

அடியாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவர்கள் எங்கும் கிடைப்பார்கள். கவனம் கொடுக்க வேண்டியவர் கணக்கு எழுதுகிறவர். யார் எவ்வளவு தர வேண்டும், எந்த அதிகாரிக்கு எந்தத் தேதி என்பது அவர் நோட்டில்தான் இருக்கிறது. அவர் மாறினால் கும்பலே மாறும். அடுத்தவர் எடை போடுகிறவர். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும் என்று நூறு கிலோவுக்கு ஐந்து, எட்டு என்று கழிவு போடுவது வழக்கம். அந்தக் கழிவு எண்ணைக் கூட்டிக் குறைப்பவர் கையில் எந்த ஆயுதமும் இல்லை, ஆனால் ஊரே அவர் முகத்தைப் பார்த்து நிற்கும். தராசுக்கு முன்னால் விவசாயி வாயைத் திறக்காமல் நிற்பதையும், எடைக்காரர் பென்சிலை நாக்கில் தொட்டு 'எட்டு' என்று எழுதுவதையும் ஒரு பத்தியில் காட்டிவிட்டால் மிரட்டல் வசனமே வேண்டாம்.

மூன்றாவது, பஞ்சாயத்து. எல்லைத் தகராறு, பாகத் தகராறு, வாங்கிய கடனைத் தராத தகராறு எல்லாவற்றுக்கும் கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கு. கட்டப்பஞ்சாயத்தில் ஒரே மாலை. ஆகவே ஊரார் தாங்களாகவே கும்பலிடம் வருவார்கள். கும்பலை வெறுப்பவரும் ஒருநாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மக்கள் பயத்தால் மட்டுமே பணம் தருகிறார்கள் என்று எழுதினால் உலகம் தட்டையாகிவிடும். கொஞ்சம் பயன் இருப்பதால்தான் அது நிலைக்கிறது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் வந்தபோது அங்கேயே தலைமையகம் வைத்திருந்த யாமகுச்சி-குமி என்ற குற்றக் கும்பல் மக்களுக்கு உணவும் தண்ணீரும் விநியோகித்தது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெரிய நிலச்சரிவுகள் நடந்தன. அதுபோல் பாதை துண்டிக்கப்பட்ட மலையூருக்கு உங்கள் நாட்டில் முதல் அரிசி மூட்டையை யார் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

காட்டுக்குள் வாழும் மீசைக்காரத் தலைவனை எல்லாரும் எழுத ஆசைப்படுவார்கள். வீரப்பன் 2004 அக்டோபரில் கொல்லப்பட்டார். அந்த நிழல் நம் எழுத்தில் இன்னும் நீளமாக விழுகிறது. எழுதுங்கள். ஆனால் வெட்டிய சந்தனத்தையோ ஈட்டி மரத்தையோ காட்டுக்குள் யாரும் வாங்குவதில்லை. வாங்குகிறவர் ஊருக்குள் மர டிப்போ வைத்து, ரசீது போட்டு, கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவர். கூட்டு உலகத்துக்கு நீண்ட நாள் உழைக்கும் பாத்திரம் அவர்தான்.

அரசு எந்தப் பக்கம்

கும்பலை எழுதும்போதே அதற்கு எதிரான சட்டத்தையும் எழுதிவிட வேண்டும். இது நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான் 1991-ல் ஒரு சட்டம் இயற்றியது. கும்பலில் இருப்பதையே அது குற்றமாக்கவில்லை, குறிப்பிட்ட குழுக்களைப் பட்டியலிட்டு அவற்றின் செயல்களைக் கட்டுப்படுத்தியது. இத்தாலியில் 1986-ல் பலேர்மோவில் மாஃபியா மீது ஒரே வழக்காக 475 பேரைச் சேர்த்து விசாரித்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் 338 பேருக்குத் தண்டனை. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டம், விசாரணைக்கு முன்பே ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்க இடம் தருகிறது. மூன்றும் மூன்று விதமான கும்பலை உண்டாக்கும். முதலாவதில் கும்பல் தன் பெயரைக் காப்பாற்றப் பார்க்கும். இரண்டாவதில் காட்டிக்கொடுப்பவனைத் தேடும். மூன்றாவதில் பிடிபட்டால் ஒரு வருடம் போய்விடும் என்பதால் தலைவன் எதிலும் கை வைக்காமல் வெளியூரில் இருப்பான்.

அத்தோடு, கும்பலை வாழவைக்கும் சட்டம் நாளையே போய்விட்டால் என்ன நடக்கும் என்றும் எழுதிவையுங்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை. அது போனதும் சாராயக் கும்பல்கள் கலைந்துவிடவில்லை. சூதாட்டத்துக்கும் தொழிற்சங்கங்களுக்குள்ளும் நகர்ந்தன. நம் ஊரிலும் 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-ல் தளர்ந்து, 1974-க்குள் திரும்பவும் வந்தது. குவடு நாட்டில் கூட்டுறவு ஃபாக்டரி ஒன்று திறந்தால் ஏழாம் வளைவு என்ன செய்யும்? எங்கள் விடை: அந்தக் கூட்டுறவின் தேர்தலில் நிற்கும்.

யாரைக் கும்பலாக்கக் கூடாது

இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒரு சாதியை, பழங்குடியை, அகதிகளை அப்படியே கும்பலாக மாற்றாதீர்கள். பெயரை மட்டும் மாற்றி உடை, தொழில், பேச்சு எல்லாவற்றையும் அப்படியே விட்டாலும் அதே தவறுதான். பிரிட்டிஷ் அரசு 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து பிறப்பையே குற்றமாக்கியது. பழனி மலைக்குத் தெற்கே உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். நீலகிரியில் சூனியம் வைக்கிறார்கள் என்று பழி சுமத்திக் குறும்பர்களைக் கொன்ற சம்பவங்கள் 19-ஆம் நூற்றாண்டில் பலமுறை நடந்திருக்கின்றன. நாம் எழுதுவது கற்பனை நாடாக இருந்தாலும் வாசிப்பவர் இங்கேதான் வாழ்கிறார். கும்பலில் சேர ஒரே தகுதி ஒரு தொழிலில் இருப்பது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்: வண்டி ஓட்டுபவர், எடை போடுபவர், தரகர். அதே தொழிலில் கும்பலுக்கு எதிராக நிற்கும் ஒருவரையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

மற்றவர் பயன்படுத்தும்படி எழுதுவது

கூட்டு உலகத்தில் உங்கள் கும்பல் ஒரு பொதுக் கிணறு மாதிரி. பிறர் இறைக்க வராவிட்டால் பாசி பிடித்துவிடும். ஒரு பக்கத்துக்கு மேல் அதன் குறிப்பு போகக் கூடாது. ஏழாம் வளைவுக்கு இப்படி எழுதலாம்:

'தோற்றம்: மேல்மலைக்குக் கூட்டுறவு ஃபாக்டரி வராததால். எல்லை: ஏழாம் வளைவு முதல் மேட்டு ஃபாக்டரி வரை, அதற்குக் கீழே இல்லை. வருமானம்: கொழுந்தில் பத்தில் ஒரு பங்கு, வட்டி. ஆட்கள்: பன்னிரண்டு. செய்யாதது: ஆஸ்பத்திரி வண்டியை மறிப்பதில்லை, சீருடைக்காரரைத் தொடுவதில்லை. காரணம்: தொட்டால் கீழிருந்து படை வரும், மாமூல் இரட்டிப்பாகும். கடன்: மண்டிக்காரரிடம் 1,20,000. பலவீனம்: கணக்கு நோட்டு ஒன்றுதான்.'

செய்யாதவற்றுக்குக் காரணமாகச் செலவை எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 'எங்களுக்கென்று தர்மம் உண்டு' என்று கும்பல் ஆட்களே சொல்லிக்கொள்ளட்டும். குறிப்பில் உண்மைக் காரணம் இருந்தால்தான், அந்தச் செலவு குறையும் நாளில் விதி எப்படி உடையும் என்று அடுத்த எழுத்தாளருக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தின் கீழே உரிமைகளையும் எழுதுங்கள். பன்னிரண்டு பேரில் எந்த இருவரை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், யாரைக் கொல்ல உங்களிடம் கேட்க வேண்டும், எல்லையை நகர்த்த யார் சம்மதம் வேண்டும். கேட்டவருக்கு இத்தனை நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்றே பொருள் என்ற விதியும் அவசியம். இல்லையென்றால் எழுதுவதை நிறுத்திவிட்ட ஒருவரின் தலைவன் சாகாவரம் பெற்றுவிடுவான். ஒரே வளைவை இரண்டு கும்பல் உரிமை கொண்டாடினால் காலக்கோட்டில் முதலில் எழுதியது நிற்கும், இரண்டாவது அதைக் கைப்பற்றிய கதையாக எழுதப்படும். பெரும்பாலான சண்டைகள் இப்படியே நல்ல கதைகளாகிவிடுகின்றன. பெயர் வைக்கும்போது உண்மையான ஊர், கட்சி, நிறுவனம், நடப்பில் இருக்கும் வழக்கு எதையும் ஒட்டி வைக்காதீர்கள். வளைவு எண், ஓடை, மரம், எடைக்கல் போன்றவை போதும்.

பொதுவில் வைப்பதற்கு முன் குறிப்பை இன்னொரு எழுத்தாளரிடம் கொடுத்து, தலைவனே வராத ஒரு பக்கக் காட்சி எழுதச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் திரும்பத் திரும்ப வந்து 'இவங்க பணம் எந்தக் கிழமை வசூல் பண்ணுவாங்க?', 'எடைக்காரர் சம்பளம் யார் தருவது?' என்று கேட்டால், அந்தக் கேள்விகளுக்கான பதிலைக் குறிப்பில் சேருங்கள். பன்னிரண்டு பேரில் இரண்டு மூன்று பேருக்காவது பெயரும் வீடும் இல்லாமல் அவர் தடுமாறினால் அதையும் எழுதுங்கள். கேள்வியே கேட்காமல் அவர் காட்சியை முடித்துக்கொண்டு வந்துவிட்டால் பக்கத்தை வெளியிடலாம்.